நீர்நிலையோரம்: பறவைக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

(விலங்கியல் ஆசிரியையாக ஓய்வுபெற்று முருங்கனில் வசிக்கும் நம் பத்தியாளர், வாடை தொடங்கும் காலத்துப் பறவைகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

ரீச்சர், தீபாவளி விடுமுறையில் குடும்பத்துடன் மன்னாருக்கு வந்து பறவை பார்க்க நினைக்கிறோம். ஐப்பசி சரியான மாதமா, தை வரை பொறுக்க வேண்டுமா? எங்கே நின்று பார்ப்பது?
– வாசகி, வவுனியா

வாருங்கள், தங்கச்சி. தை மாதம் எடுத்த படங்களை மனதில் வைத்துக்கொண்டு மட்டும் ஐப்பசியில் வராதீர்கள். இடம் ஒன்றுதான், காட்சி வேறு.

இலையுதிர்காலம் என்று வெளிநாட்டுப் பறவைப் புத்தகங்களில் போட்டிருப்பார்கள். வன்னியில் எந்த மரமும் அதற்காக இலை உதிர்த்துக் காத்திருப்பதில்லை. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று ஓய்ந்து, வடகிழக்கு வாடை தலைகாட்டி, காலபோக நெல்லுக்கு வயல் உழுகிற இடைவெளிதான் நமக்கு அந்தக் காலம். வடக்கேயிருந்து வரும், சேற்றில் இரை தேடும் உள்ளான் இனங்கள் ஆவணிக் கடைசியிலேயே இறங்கத் தொடங்கிவிடும். ஊசிவால் தாரா போன்றவை பிந்தித்தான் வரும்; ஐப்பசிக் கடைசி, கார்த்திகை என்று வையுங்கள். பூநாரையைப் பெருங்கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் மழை பெய்து, மன்னார்க் கடலோரத்து வங்காலை வெளி நிறைந்து, அது வடியத் தொடங்கும்வரை பொறுக்க வேண்டும்.

ஐப்பசி முற்பாதியில் வங்காலை வெளியின் பெரும்பகுதி காய்ந்து வெடித்து, மேலே உப்புப் பூத்துக் கிடக்கும். ஈரம் இருப்பது கடலோரத்திலும் வாய்க்கால் ஓரங்களிலும்தான். வந்திறங்கிய பறவையெல்லாம் அந்தக் கொஞ்ச ஈரத்திலேயே நெருங்கி நிற்பதால் பார்ப்பவருக்கு அது வசதி. கார்த்திகையில் மழை வெளுத்து வாங்கியதும் தண்ணீர் பரவும், பறவையும் பரவிவிடும். அந்த நாட்களில் வருகிறவர்கள் "இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றும் இல்லையே" என்று எனக்குக் கடிதம் எழுதுவார்கள். தை, மாசியில் நீர் முழங்காலளவுக்கு இறங்கும்போது எல்லாம் மறுபடி கூடும். ஆகவே நாட்காட்டியைப் பார்ப்பதைவிட, மன்னாரில் தெரிந்தவர் யாருக்காவது அழைப்பெடுத்து மழை எப்போது பெய்தது, வெளியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இந்தப் பத்தியில் நான் எதைச் சொன்னாலும் கடைசியில் தண்ணீரின் ஆழத்தில்தான் வந்து நிற்பேன். பழகிக்கொள்ளுங்கள்.

இடம்: வவுனியாவிலிருந்து வந்தால் உயிலங்குளம் தாண்டித் தள்ளாடியை நெருங்கும்போதே இடப்பக்கம் வெளி திறந்துவிடும். அங்கிருந்து மன்னார்ப் பாலம் வரைக்கும் வீதியோரத்தில் எங்கே பாதுகாப்பாக வண்டியை ஒதுக்க முடிகிறதோ அங்கெல்லாம் நிற்கலாம். தென்மேற்குப் பக்கம் விரிந்து கிடப்பது வங்காலைச் சரணாலயம், 4,839 ஹெக்டேயர். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2010இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. நுழைய டிக்கெட் வேண்டாம். காலையில் வாருங்கள். அப்போது வெயில் உங்கள் இடப்பக்கத்திலிருந்து விழும், நிறங்கள் தெளிவாகத் தெரியும். பின்னேரத்தில் அதே இடத்தில் நின்றால் சூரியன் நேரே கண்ணில். எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

புகையிரதத்தில் வருவதும் நல்ல யோசனைதான். தலைமன்னார் வரை பாதை 2015இல் மறுபடி திறந்தது. மன்னாரை நெருங்கும்போது ரயில் இந்த வெளியைக் கடந்துதான் போகிறது. யன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

போன மாசியில் பூநாரை என்று எங்களுக்குக் காட்டியவை வெள்ளையாக இருந்தன, சில சாம்பலாகவும் இருந்தன. கொக்கைக் காட்டி ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், செட்டிகுளம்

ஏமாற்றவில்லை, ஐயா. பூநாரையின் இளஞ்சிவப்பு பிறவியில் வருவதல்ல. அது தின்னும் சிறு இறால்களிலும் பாசியிலும் உள்ள நிறமி இறகில் சேர்ந்து வருவது. குஞ்சு சாம்பல் நிறம். முழு நிறம் வரச் சில ஆண்டுகள் பிடிக்கும். நமக்கு அருகில் இவை பெருமளவில் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. நம் கரைக்கு வரும் கூட்டத்தில் சாம்பல் குட்டிகள் கலந்திருந்தால், வடக்கே எங்கோ குஞ்சு பொரிப்பு நல்லபடி நடந்திருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள்.

வளர்ந்த பறவைகூட நின்றுகொண்டிருக்கும்போது தூரத்தில் வெள்ளையாகத்தான் தெரியும். சிறகை விரிக்கும்போதுதான் சிவப்பும் அதை ஒட்டிய கறுப்பும் வெளிவரும். கொக்கா பூநாரையா என்ற சந்தேகம் வந்தால் நிறத்தை விட்டுவிட்டுத் தலையைப் பாருங்கள். கொக்கு தண்ணீரைக் கூர்ந்து பார்த்தபடி அசையாமல் நின்று ஒரே குத்தாகக் குத்தும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பாதி கீழே வரும்படி தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நடக்கும். நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும்; அலகின் ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகள் அரிதட்டுப்போல இரையை மட்டும் நிறுத்திக்கொள்ளும். அந்தக் கழுத்துக்கும் காலுக்கும் எட்டுகிற ஆழத்தில்தான் இந்த வேலை நடக்கும். வெள்ளம் கூடிய நாளில் பூநாரை இல்லையென்றால் காரணம் அதுதான். நீந்தத் தெரியும், ஆனால் நாள் முழுக்க நீந்திக்கொண்டே சாப்பிட அதற்கு விருப்பமில்லை.

ரீச்சர், நான் கமெரா வைத்திருக்கிறேன். பூநாரைகள் பறக்கும் படம் வேண்டும். நண்பர்கள் கை தட்டி, கல்லெறிந்து எழுப்பினார்கள், அருமையான படம் வந்தது. வேறு நல்ல முறை இருக்கிறதா?
– வாசகர், மன்னார்

இருக்கிறது, தம்பி. நண்பர்களை வீட்டில் விட்டுவிட்டு வருவது.

பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது. கனத்த உடம்பு. தண்ணீரில் சில அடி ஓடி, வேகம் எடுத்த பின்புதான் மேலே போகும். அந்த ஒரு எழும்புதலுக்கு எவ்வளவு இரை செலவாகும் என்று யோசியுங்கள். மறுபடி நல்ல ஆழம் தேடி இறங்க வேண்டும், இறங்கியதும் அடுத்த கமெராக்காரர் காத்திருப்பார். சின்ன உள்ளான்களின் பாடு இன்னும் மோசம். கொசு உள்ளான் 30 கிராம்கூடத் தேறாது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து கொழுப்பெல்லாம் கரைந்து வந்திருக்கும். இங்கே இருக்கும் மாதங்களில் மறுபடி கொழுத்தால்தான் சித்திரைக்கு முன் திரும்பிப் போக முடியும்.

படம் தானாக வரும். காலை ஏழு, எட்டு மணிக்கு அவை இடம் மாறும். சேற்றுப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தாலே போதும், வெளி முழுக்க எழும்பும். வண்டிக்குள் உட்கார்ந்திருங்கள். வண்டியைக் கண்டு பறவை அவ்வளவு பயப்படாது, இறங்கி நிற்கும் மனிதனைக் கண்டுதான் பயப்படும். ட்ரோன் பற்றிக் கேட்டு இன்னும் இருவர் எழுதியிருக்கிறார்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. அனுமதி இருந்தாலும் பறவைக் கூட்டத்தின் மேல் வேண்டாம்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். சேற்றில் ஓடும் சிறிய பழுப்புப் பறவைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. புத்தகத்தைப் பார்த்தால் இன்னும் குழம்புகிறது. எங்கே தொடங்குவது?
– மாணவி, மாங்குளம்

நல்ல கேள்வி, பிள்ளை. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

புத்தகம் இறகில் தொடங்கும். நீ காலில் தொடங்கு. ஐப்பசியில் இந்தப் பறவைகள் கோடைகால நிறத்தைக் களைந்துகொண்டிருக்கும். பாதி செம்பழுப்பு, பாதி சாம்பல், இடையில் இந்த ஆண்டுக் குஞ்சுகளின் செதில்போட்ட முதுகு. ஒரே இனத்தில் மூன்று உடுப்பு. அதை வைத்துப் பெயர் சொல்லப் போனால் தலை சுற்றத்தான் செய்யும். கால் நீளமும் அலகும் உடுப்பு மாற்றுவதில்லை.

வீதியோரத்தில் நின்று, பறவையைப் பார்க்காமல் முதலில் தண்ணீரின் விளிம்பைப் பார். நீர் இல்லாத ஈரச் சேறு, மேலே மெல்லிய படலமாக நீர் நிற்கும் சேறு, கணுக்கால் ஆழம், அதற்கு மேல் என்று பட்டை பட்டையாகத் தெரியும். ஒவ்வொரு பட்டைக்கும் ஆள் வேறு. காய்ந்த பக்கத்துச் சேற்றில் இருப்பவை பெரும்பாலும் உப்புக்கொத்திகள். குட்டை அலகு, பெரிய கண். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒன்றைக் கொத்தும், மறுபடி ஓடும். கண்ணால் பார்த்து வேட்டையாடுவதால் அந்த நிறுத்தம். படல நீரின் விளிம்பில் தலையைத் தூக்காமல் விறுவிறுவென்று கொத்திக்கொண்டே நகரும் பொடிப் பறவை கொசு உள்ளான். அதைவிடச் சற்றுப் பெரியதாய், அலகின் நுனி கீழ்நோக்கி வளைந்திருந்தால் அது வளைமூக்கு உள்ளான். கணுக்கால் ஆழத்தில் செம்மஞ்சள் கால் தெரிந்தால் பவளக்காலி. மன்னார்க் கரையில் அதற்குக் குறைவே இல்லை. சத்தமும் அதனுடையதுதான், நீ வந்ததை எல்லோருக்கும் முதலில் அறிவித்துவிடும். இன்னும் உள்ளே, வயிறு நனையும் ஆழத்தில் நேரான நீண்ட அலகை அடிவரை இறக்கித் துழாவுவது கருவால் மூக்கன். அதன் அலகு நுனியில் நரம்புகள் நிறைந்திருப்பதால் சேற்றுக்குள் புழு அசைவதைப் பார்க்காமலே உணரும். அதற்கும் அப்பால் நெடுங்கால் உள்ளான், கடைசியில் பூநாரை.

ஓர் இடத்தில் ஐம்பது பறவை நின்றாலும் உண்மையில் ஐந்தாறு வரிசைதான் நிற்கிறது. வரிசை பிடிபட்டால் பெயர் பின்னால் வரும்.

எல்லாம் அடங்கியிருக்கும்போது கடலோர மணல்திட்டில் கறுப்பும் வெள்ளையுமாக, கனத்த கறுப்பு அலகுடன் ஒரு கூட்டம் நின்றால் எனக்காகவும் சேர்த்துப் பார்த்துவிடு. அது நண்டுதின்னி. உள்ளான் உறவுகளில் மணலில் வளை தோண்டி அதற்குள் முட்டையிடும் ஒரே பறவை. அரபுக் கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வரும். இந்த நாட்டில் அதைப் பார்க்க மன்னாரைவிட நல்ல இடம் இல்லை. கொழும்பிலிருந்து பறவை பார்ப்பவர்கள் இரவு பஸ் ஏறி வருவது பாதி இதற்காகத்தான். நாம் பக்கத்தில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கிறோம்.

இன்னொன்று, பரீட்சைக்கு வராவிட்டாலும் தெரிந்துகொள். பல உள்ளான் இனங்களில் தாய் தந்தை முதலில் புறப்பட்டுவிடும். குஞ்சுகள் சில வாரம் கழித்து, வழி காட்ட ஆளில்லாமல், தாங்களாகவே தெற்கே வரும். ஐப்பசியில் நீ பார்க்கும் செதில் முதுகுக்காரர் பலர் பிறந்து நாலைந்து மாதமும் ஆகாதவர்கள்.

போன வருடம் ஐப்பசியில் இரவு ஒரு குருவி வீட்டுக்குள் வந்து விழுந்தது. பச்சை முதுகு, நீலச் சிறகு, வயிற்றின் அடியில் சிவப்பு, வால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. காலையில் செத்துவிட்டது. அது என்ன? என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

ஆறுமணிக்குருவி. உங்கள் காட்டில் மாரி முழுக்க இருக்கும். விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும் இரண்டு தொனியில் கூப்பிடும் அந்தக் குரலை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். பறவையைத்தான் பார்த்திருக்க மாட்டீர்கள். சருகுக்குள் இரை தேடி நடக்கிற கூச்சக்காரர். இந்தியாவின் நடுப்பகுதியிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டுப் புரட்டாதி, ஐப்பசியில் இங்கே வருகிறது. பயணம் இரவில். கடலைத் தாண்டிக் களைத்து வரும்போது வெளிச்சத்தைக் கண்டு திசை தவறும், சுவரிலும் கண்ணாடியிலும் மோதும். இதற்கும் நீரின் ஆழத்துக்கும் சம்பந்தமில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த முறை வந்தால் ஓர் அட்டைப் பெட்டியில் சில துளைகள் போட்டு, அடியில் பழைய துணி விரித்து, அதற்குள் வைத்து மூடி, பூனையும் பிள்ளைகளும் எட்டாத இருட்டான இடத்தில் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், சோறும் வேண்டாம். பரிவால் செய்கிற இந்த இரண்டும்தான் பல பறவைகளைக் கொல்கின்றன. தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பெரும்பாலும் மயக்கம் தெளிய அமைதி போதும். துடிப்பாக நடமாடத் தொடங்கியதும் மரங்கள் உள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். சிறகு முறிந்து தொங்கினால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இந்த இரண்டு மாதம் முற்றத்து மின்குமிழைத் தேவையில்லாமல் இரவு முழுக்க எரியவிடாதீர்கள், மின்கட்டணமும் குறையும்.

மாரி தொடங்கினால் எங்கள் பக்கம் சிலர் தாரா கொண்டுவந்து விற்கிறார்கள். வளர்த்ததா, வெளியில் பிடித்ததா என்று தெரியவில்லை. வாங்கலாமா?
– வாசகி, கிளிநொச்சி

வாங்காதீர்கள். வளர்த்த தாரா என்றால் உயிரோடு காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள். தலையும் இறகும் இல்லாமல் பையில் வந்தால் அது வெளியில் பிடித்தது. வலை போட்டார்களா, நஞ்சு கலந்த நெல் தூவினார்களா என்பது உங்களுக்கும் தெரியாது, விற்பவரும் சொல்ல மாட்டார். அந்த நஞ்சு உங்கள் சட்டிக்கும் வரும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பிடிப்பதும் குற்றம், விற்பதும் குற்றம்.

யுத்த காலத்தில் பசிக்குப் பிடித்தவர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். இப்போது நடப்பது பசி அல்ல, சாராயத்துக்குத் துணை.

பறவைகள் முன்கூட்டியே வந்தால் அந்த ஆண்டு மழை அதிகம் என்று எங்கள் அப்பப்பா சொல்வார். உண்மையா?
– வாசகர், நெடுங்கேணி

அப்பப்பாவுக்கு என் வணக்கம். ஆனால் பறவை புறப்படுவது சைபீரியாவில் பகல் குறுகுவதைப் பார்த்து. அங்கே இருக்கும் உள்ளானுக்கு நெடுங்கேணியில் மழை பெய்யுமா என்று தெரிய வழியில்லை. வந்த பிறகு எங்கே நிற்கும் என்பதைத்தான் நம் மழை தீர்மானிக்கிறது. ஒரு குளம் வற்றியிருந்தால் அதில் இறங்கும், நிரம்பினால் அடுத்த இடம் தேடும். உங்கள் ஊர்க் குளத்தில் முதல் நாள் கண்டதை அப்பப்பா 'வந்த நாள்' என்று கணக்கு வைத்திருப்பார். அது அந்தக் குளத்தின் நீர்மட்டம் பற்றிய கணக்கு, அந்த அளவில் நல்ல கணக்குத்தான். எழுதி வைத்திருந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

இவை சைபீரியாவிலிருந்து வருகின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள். யார் கூடப் போய்ப் பார்த்தது?
– வாசகர், விடத்தல்தீவு

கூடப் போனது ஒரு சின்னக் கருவி. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களைப் பிடித்து, முதுகில் செய்மதியோடு பேசும் கருவியைப் பொருத்தி விட்டார்கள். அதில் ஒன்று இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து, ரஷ்யாவின் வடமுனைப் பக்கம் இருக்கும் யமால் குடாநாடு வரை போய்க் கோடையைக் கழித்துவிட்டு, மறுபடி மன்னாருக்கே வந்து சேர்ந்தது. போய் வந்த தூரம் 19,000 கிலோமீற்றருக்கு மேல். நீங்கள் வலை இழுக்கும்போது மீனுக்குச் சண்டை பிடிக்கிறதே பெரிய கடற்காகம், அதே இனம்.

பறவையின் காலில் வளையமோ நிறக்கொடியோ கண்டால் பிடிக்கப் போகாதீர்கள். எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து, எந்த இடம், எந்தத் திகதி என்று எழுதி, முடிந்தால் ஒரு படமும் எடுத்து வையுங்கள். வலையில் சிக்கிச் செத்திருந்தாலும் இந்த விபரம் பயன்படும்.

காற்றாலைகள் பறவைகளை வெட்டுகின்றன என்கிறார்கள். அரசாங்கம் இல்லை என்கிறது. உங்கள் கருத்து?
– வாசகர், பேசாலை

மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் 30 காற்றாலைகள் 2020 மார்கழியில் இயங்கத் தொடங்கின, மொத்தம் 103.5 மெகாவாட். மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல நான் யார், இந்தக் கட்டுரையே மின்விசிறிக்குக் கீழ்தான் எழுதப்படுகிறது. ஆனால் மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைப் பாதை வந்து முடிகிற இடத்தில், நிலத்தின் கடைசி நுனியில், இன்னும் இன்னும் என்று நட்டுக்கொண்டே போவது எனக்குச் சம்மதமில்லை. 2025இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கியபோது பறவையைவிட வெள்ளம் வடியாமல் நிற்பதையும் மீன்பாட்டையும்தான் அதிகம் பேசினார்கள். அதில் தவறில்லை. தண்ணீர் ஓடும் வழி மாறினால் பறவைக்கும் அதே கேடு.

சுழலும் இறகை எல்லோரும் பார்க்கிறார்கள். மின்கம்பியை யாரும் பார்ப்பதில்லை, பறவையும் பார்ப்பதில்லை. பூநாரை இரவில் கூட்டமாக இடம் மாறும் பறவை, சட்டென்று திரும்பவும் அதற்குத் தெரியாது. கட்ச் பகுதியில் மின்கம்பிகளில் மோதிக் கூட்டமாக இறந்திருக்கின்றன. ஈரநிலத்தின் மேல் போகும் கம்பிகளில் பறவை கண்டு விலகும்படி அடையாளத் தட்டுகள் தொங்கவிடலாம். பெரிய செலவில்லை. கேட்பதானால் இதை முதலில் கேளுங்கள்.

மன்னார் தூரம். முல்லைத்தீவுப் பக்கம் எங்கே போகலாம்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

உங்களுக்கு நந்திக்கடல் களப்பு வாசலிலேயே இருக்கிறது. வட்டுவாகல் பாலத்தில் காலை ஒரு மணிநேரம் நில்லுங்கள். தெற்கே கொக்கிளாய், 1951 முதல் சரணாலயம். வடக்கே சுண்டிக்குளம், 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவானது. இந்தக் களப்புகளில் எல்லாம் தொடுவாய், அதாவது களப்பு கடலோடு சேரும் வாய், வெட்டுகிறதா என்று பார்த்துப் போங்கள். மாரி வெள்ளத்தில் மணல்மேடு உடைந்து கடலோடு கலந்ததும் நீர்மட்டம் சடாரென்று இறங்கும். அடுத்த சில நாட்கள் சேறு வெளியே கிடக்கும், உள்ளானும் கூழைக்கடாவும் நாரையும் மொய்க்கும். தொடுவாய் எப்போது திறந்தது என்று இறால் பிடிப்பவரைக் கேட்டால் மணிக்கணக்கோடு சொல்வார்.

பழைய மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்தில், எந்தப் பறவைக்காகவும் பாதையை விட்டு இறங்காதீர்கள். மாடு போகிறதே என்று நீங்களும் போகாதீர்கள்.

என்ன தொலைநோக்கி வாங்குவது?
– வாசகர், மடு

8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீற்றர் வில்லை. அதைவிடப் பெரிதாகக் காட்டுவது வாங்கினால் கை நடுங்கும், வாடையில் இன்னும் நடுங்கும். கண்ணில் வைத்துப் பார்த்து வாங்குங்கள், பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்காதீர்கள்.

நாலு வயது மகனைக் கூட்டிவரலாமா? எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பான்?
– வாசகி, வவுனியா

கூட்டிவாருங்கள். பறவை அரை மணிநேரம், மன்னார்க் கழுதைகள் ஒரு மணிநேரம். தொப்பி, தண்ணீர், பிஸ்கட் கட்டாயம்; அந்த வெளியில் மர நிழல் என்று ஒன்று கிடையாது. கழிப்பறையும் கிடையாது. முருங்கனிலேயே அந்த வேலையை முடித்துக்கொண்டு வாருங்கள். அவசரமென்றால் நேரே மன்னார் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டுத் திரும்புங்கள், பறவை எங்கும் ஓடிவிடாது.